ஜெயிச்சிட்டு இருந்த புள்ள ஏன் திடீர்னு கிரவுண்டு பக்கமே போகமாட்டேங்குது?

மாவட்ட போட்டியில மெடல், அடுத்து ஸ்டேட் மீட்டுக்கு செலக்‌ஷன், ஊர்ல பேனர் கூட வெச்சாச்சு, அந்த நேரம் பாத்து "நான் போகல, எனக்கு இது வேணாம்"னு புள்ள மூலையில உக்காந்துக்குது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ரொம்ப வருஷமா இருக்கற பி.டி. சாருங்க கிட்ட பேச்சு கொடுத்தா இந்த மாதிரி ஒரு புள்ளையாச்சும் அவங்க ஞாபகத்துல இருக்கும். வீட்டுல உடனே காரணம் தேடுவாங்க. போன் கெடுத்துடுச்சு, சேர்க்கை சரியில்ல, சோம்பேறித்தனம், இது எதுவுமே பொருந்தலன்னா கண்ணு பட்டுடுச்சு.

நிறைய சமயம் உள்ள ஓடறது வேற. அந்த புள்ளைக்கு விளையாட்டு மேல ஆசை போகல, தப்பு பண்ணிடுவோமோங்கற பயம் ஆசையை விட பெருசாயிடுச்சு. எதுலயும் குறையே இருக்கக்கூடாதுங்கற பர்ஃபெக்‌ஷனிசத்தோட ஒரு முகம் இது. அது எங்கிருந்து வருது, உடம்புல என்ன பண்ணுது, வீட்டுல இருக்கறவங்க என்ன பண்ணலாம்னு அடியில இருந்து பாப்போம்.

மொதல்ல ரெண்டு விஷயத்தை பிரிச்சுக்கணும்

பர்ஃபெக்‌ஷனிசம்னு சொன்னதும் "எதையும் சுத்தமா செய்யற குணம், நல்லது தானே"ன்னு தோணும். ஸ்போர்ட்ஸ் சைக்காலஜியில இதுக்குள்ள ரெண்டு தனித்தனி விஷயம் இருக்குன்னு பாக்கறாங்க.

1. உசந்த இலக்கு வெச்சுக்கறது. "நான் 5 மீட்டர் தாண்டணும்"னு ஒரு புள்ள நினைக்கறது. இது மட்டும் இருந்தா பெருசா கெடுதல் இல்ல, பல பேருக்கு உதவியும் பண்ணுது.

2. தப்பை நினைச்சு நடுங்கறது. "தாண்டலன்னா நான் ஒண்ணுத்துக்கும் லாயக்கு இல்ல, எல்லாரும் என்ன நினைப்பாங்க"ன்னு ஓடறது. தூக்கத்தை கெடுக்கறதும், புள்ளைய கிரவுண்டுல இருந்து துரத்தறதும் பெரும்பாலும் இது தான்.

1990-ல ராண்டி ஃப்ராஸ்ட்ங்கற உளவியலாளரும் அவர் கூட இருந்தவங்களும் இதை அளக்க ஒரு கேள்வித்தாள் உருவாக்கினாங்க. அதுல 6 பிரிவு. அந்த ஆறுல ரெண்டு பிரிவு அப்பா அம்மா சம்பந்தப்பட்டது: ஒண்ணு அவங்க எதிர்பார்ப்பு, இன்னொண்ணு அவங்க குறை சொல்றது. மனசை அளக்கற கேள்வித்தாள்ல ஆறுல ரெண்டு பிரிவு வீட்டை பத்தி கேக்குதுன்னா, இதுல வீட்டோட பங்கு எவ்வளவுன்னு புரிஞ்சுக்கலாம்.

அடுத்த வருஷமே, 1991-ல, ஹெவிட், ஃப்ளெட்னு ரெண்டு பேர் இன்னொரு விதமா பிரிச்சாங்க. நமக்கு நாமே வெச்சுக்கற கெடுபிடி, நாம அடுத்தவங்க மேல வைக்கற கெடுபிடி, "மத்தவங்க என் கிட்ட நூத்துக்கு நூறு எதிர்பாக்கறாங்க, குறைஞ்சா என்னை ஏத்துக்க மாட்டாங்க"ன்னு நாம நம்பறது. மூணாவது வகை தான் ரொம்ப ஆபத்து, ஏன்னா அதுல புள்ள கையில ஒண்ணுமே இல்ல, எவ்வளவு ஜெயிச்சாலும் எதிர்பார்ப்பு கோடு மேல மேல போயிட்டே இருக்கும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன்ல 40,000-க்கும் மேற்பட்ட காலேஜ் மாணவர்களோட பதில்களை 1989-ல இருந்து 2016 வரைக்கும் சேத்து பாத்த ஒரு ஆய்வுல, இந்த மூணாவது வகை 33 சதவீதம் கூடியிருக்குன்னு வந்துச்சு. அந்த ஊர் கணக்கை நம்ம ஊருக்கு அப்படியே ஒட்ட வைக்க முடியாது. ஆனா "நாலு பேர் என்ன சொல்லுவாங்க"ன்னு கேட்டே வளர்ற நம்ம பசங்களுக்கு இது புதுசா விளக்க வேண்டிய விஷயமே இல்ல.

பலகை முன்னாடி என்ன நடக்குது

ஒரு உதாரணத்துக்கு பாலக்கோடு பக்கம் ஒரு பொண்ணு, ஒம்பதாவது படிக்குது, லாங் ஜம்ப்னு வெச்சுக்குவோம்.

லாங் ஜம்ப்ல கால் ஊணி எழும்பற பலகை 20 சென்டிமீட்டர் அகலம். அதோட முன் விளிம்பை தாண்டி கால் போனா சிவப்பு கொடி, ஃபவுல், அந்த ஜம்ப் கணக்குலயே வராது. போகலன்னா வெள்ளை கொடி. இங்க தான் ஒரு நுணுக்கம் இருக்கு, கால் கிளம்பின இடத்துல இருந்து டேப் பிடிக்க மாட்டாங்க, பலகையோட முன் விளிம்புல இருந்து தான் அளப்பாங்க. அப்ப பலகைக்கு பின்னாடியே எழும்பிட்டா அந்த தூரம் அவ்வளவும் நஷ்டம்.

இந்த பொண்ணு மொத சான்ஸ்ல முழு வேகத்துல வந்து ஒரு விரல் அளவுக்கு தாண்டிடுது. சிவப்பு கொடி. தலையை தூக்கி பாத்தா வேலி ஓரம் அப்பா நிக்கறாரு, அவரு எதுவும் சொல்லல, வாயை இறுக்கிட்டு வேற பக்கம் திரும்பிக்கறாரு. அவ்வளவு தான். ரெண்டாவது சான்ஸ்ல அந்த பொண்ணு ஓட ஆரம்பிக்கும்போதே கண்ணு பலகை மேல போயிடுது, கடைசி மூணு நாலு ஸ்டெப்புல காலை குறுக்கி குறுக்கி வெக்குது, வேகம் செத்துடுது, பலகையோட முன் விளிம்புக்கு 25 சென்டிமீட்டர் பின்னாடியே எழும்பிடுது. பறந்தது 4.70 மீட்டர், ரெக்கார்டு ஷீட்ல ஏறினது 4.45. பயம் இல்லாம தன்னோட வழக்கமான ஜம்ப்பை போட்டிருந்தாலே ஜெயிச்சிருக்க வேண்டிய போட்டி கைய விட்டு போயிடுது.

இதுக்கு காரணம் தெரிஞ்ச ஒண்ணு தான். பழகின அசைவு தானா ஓடணும். 1982-ல வந்த ஒரு ஆராய்ச்சியில நல்ல லாங் ஜம்ப் வீரர்கள் கூட ஓட்டத்தோட கடைசி சில ஸ்டெப்பை கண்ணால பாத்து தானா அட்ஜஸ்ட் பண்ணிக்கறாங்கன்னு காட்டினாங்க. இந்த வேலையை யோசிச்சு பண்ண ஆரம்பிச்சா அது குழம்பிடும், மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு காலும் எங்க வெக்கறோம்னு எண்ணிக்கிட்டே இறங்கி பாருங்க, தடுமாறும். சியான் பெய்லாக் மாதிரியான ஆராய்ச்சியாளர்கள் 2000-க்கு அப்புறம் இதை பரிசோதனை பண்ணி நிறைய எழுதியிருக்காங்க. நெருக்கடியில கவனம் குறையறது ஒரு பக்கம்னா, பழகின திறமை மேல தேவையில்லாம கவனம் கூடறது இன்னொரு பக்கம், ரெண்டுமே ஆட்டத்தை கெடுக்கும்.

அதனால "கவனமா பண்ணு, தப்பு பண்ணாத"ங்கறது அந்த நேரத்துல சொல்லக்கூடிய வார்த்தைகள்லயே மோசமானது. அந்த பொண்ணு ஏற்கனவே அளவுக்கு மேல கவனமா தான் இருக்கு.

நம்ம பக்கம் ஏன் கூடுதலா இறுக்குது

இதை வெறும் மனசு பிரச்சனைன்னு சொல்லிட்டு போயிட முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரியில ஒரு குடும்பம் புள்ள மேல பிரஷர் போடறதுக்கு பின்னாடி நிஜமான கணக்கு இருக்கு, அதை புரிஞ்சுக்காம அப்பா அம்மாவை திட்டறதுல பிரயோஜனம் இல்ல.

1. சர்டிபிகேட் கணக்கு. தமிழ்நாடு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கு. ரயில்வே, போலீஸ், மிலிட்டரின்னு வேற வழியும் இருக்கு. மானாவாரி நிலம் வெச்சிருக்கற, இல்ல நிலமே இல்லாத வீட்டுக்கு ஒரு ஸ்டேட் மெடல்ங்கறது ஒரு அரசு உத்தியோகத்தோட வாசப்படி மாதிரி தெரியும். அப்ப ஒரு ஃபவுல் விழுந்தா அப்பாவுக்கு கண்ணுல படறது சிவப்பு கொடி இல்ல, கைய விட்டு போற உத்தியோகம்.

2. கடன். ஸ்பைக்ஸ் ஷூ, வேற ஊர் போட்டிக்கு பஸ் சார்ஜ், முட்டை, பால், இதெல்லாம் சும்மா வர்றது இல்ல. மாங்கா சீசன்ல கூழ் ஃபேக்டரிக்கு லோடு போன காசு, ராயக்கோட்டை மார்க்கெட்ல தக்காளி வித்த காசு. தக்காளி விலை விழுந்து ரோட்டு ஓரம் கொட்டற வருஷத்துல அதுவும் இருக்காது, வட்டிக்கு தான் வாங்கணும். புள்ளைக்கு இது தெரியாதுன்னு நினைக்கறாங்க, புள்ளைக்கு ரூபா கணக்கு வரைக்கும் தெரியும்.

3. மார்க் பழக்கம். பக்கத்து நாமக்கல்லுல ஆரம்பிச்சு நம்ம மாவட்டம் வரைக்கும் ஹாஸ்டல் ஸ்கூல்ங்க "மார்க் ஏன் குறைஞ்சது"ங்கற ஒரே கேள்வியில தான் பேர் வாங்குச்சு. அந்த பழக்கத்தை அப்படியே கிரவுண்டுக்கும் கொண்டு வந்துட்டோம். பரீட்சையில நூத்துக்கு நூறு சாத்தியம். விளையாட்டுல அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது, உலக சாம்பியன் கூட ஃபவுல் பண்ணுவாரு.

4. பொண்ணுங்க. இதை கொஞ்சம் நின்னு சொல்லணும். குழந்தை திருமணம் அதிகம்னு திரும்ப திரும்ப பேர் அடிபடற மாவட்டங்கள்ல நம்ம ரெண்டும் இருக்கு. பென்னாகரம், தேன்கனிக்கோட்டை பக்கம் மலை கிராமத்துல ஒரு பொண்ணு கிரவுண்டுக்கு வருதுன்னா, அந்த அனுமதியே மெடல் வர்ற வரைக்கும் தான். "இந்த தடவை வரலன்னா போதும், நிறுத்திக்கலாம்"னு வீட்டுல ஒரு வார்த்தை விழுந்தா, அந்த பொண்ணுக்கு லாங் ஜம்ப்ல தோக்கறதும் படிப்பு நின்னு கல்யாணம் நடக்கறதும் ஒரே விஷயம் ஆயிடுது. அந்த பயத்தோட ஓடற பொண்ணு கிட்ட "ரிலாக்ஸா இரு"ன்னு சொன்னா என்ன அர்த்தம்? முதல்ல அந்த நிபந்தனையை எடுக்கணும். "மெடல் வந்தாலும் வரலனாலும் நீ காலேஜ் போற வரைக்கும் கல்யாண பேச்சே இல்ல"ன்னு வீட்டுல ஒரு பெரியவங்க வாயால சொன்னா, எந்த கோச்சும் கொடுக்க முடியாத தெம்பு அது.

5. தூரத்துல இருக்கற அப்பா அம்மா. பெங்களூர்ல கட்டட வேலைக்கு போயிட்டு பாட்டி கிட்ட புள்ளையை விட்டிருக்கற வீடு இங்க ஏராளம். ராத்திரி போன்ல மொத கேள்வியே "எத்தனையாவது வந்த?" அவங்களுக்கு பேச கிடைக்கற நேரம் குறைவு, அதுல கேக்க தெரிஞ்ச கேள்வி அது ஒண்ணு.

பாசத்துல சொல்ற வார்த்தை எப்படி பாரமாகுது

அடிக்கற அப்பா, திட்டற கோச், இவங்களை அடையாளம் காட்டறது சுலபம். கண்டுபிடிக்க கஷ்டமானது வேற ஒண்ணு. ஜெயிச்ச அன்னைக்கு வீட்டுல கறி குழம்பு, தோத்த அன்னைக்கு யாரும் எதுவும் பேசறது இல்ல. யாரும் திட்டல, அடிக்கல. ஆனா பாசம் ரிசல்ட்டை பாத்து ஏறி இறங்குதுன்னு புள்ள கணக்கு போட்டு வெச்சுக்கும். இதை நிபந்தனையோட காட்டற அன்புன்னு சொல்லி 2004-ல அசோர், ராத், டெசின்னு மூணு பேர் ஆராய்ச்சி எழுதினாங்க. அப்படி வளர்ந்தவங்க அப்பா அம்மா எதிர்பாத்ததை செய்யறாங்க, ஆனா உள்ளுக்குள்ள கட்டாயத்துல செய்யறாங்க, ஜெயிச்ச சந்தோஷம் நிக்கறது இல்ல, பெத்தவங்க மேலயே ஒரு மனத்தாங்கல் சேந்துடுதுன்னு அதுல வந்துச்சு.

இந்த கணக்கு அதிகமா ஓடற இடம் போட்டி முடிஞ்சு வீடு திரும்பற வழி. தர்மபுரி கிரவுண்டுல இருந்து பாலக்கோட்டுக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்ல போனா அரை மணிக்கு மேல ஆகும், புள்ள பின்னாடி உக்காந்திருக்கு, அப்பா முன்னாடி பாத்து ஓட்டிக்கிட்டே "ரெண்டாவது ஜம்ப்ல ஏன் கால குறுக்கின, அந்த காரிமங்கலம் பொண்ணு பாரு எப்படி வந்தா"ன்னு பேசிட்டு வர்றாரு. அவரு மனசுல அது அக்கறை, அடுத்த தடவைக்கு சொல்லி தர்றாரு. புள்ளைக்கு அது வண்டியில இருந்து இறங்க முடியாத விசாரணை. அவரு முகம் கூட தெரியாது, முதுகு தான் தெரியும், கோவமா வருத்தமான்னு புள்ளையே ஊகிச்சுக்கணும், ஊகிக்கறப்ப எப்பவும் மோசமானதை தான் ஊகிக்கும்.

உள்ள போன அழுத்தம் எப்படி வெளிய தெரியும்

விளையாட்டுல வர்ற பர்ன்-அவுட்டுக்கு மூணு அறிகுறி சொல்றாங்க. உடம்பும் மனசும் சேந்து ஓஞ்சு போறது, எவ்வளவு பண்ணாலும் எதுவும் சாதிக்கலன்னு தோணறது, ஒரு காலத்துல உயிரா இருந்த விளையாட்டு மேலயே வெறுப்பு வர்றது. மூணாவது வர்றப்ப தான் வீட்டுல கண்டுபிடிக்கறாங்க, மொத ரெண்டு அதுக்கு மாசக்கணக்குல முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும்.

இதை விட சின்ன சின்ன அடையாளம் கவனிக்கலாம். போட்டிக்கு மொத நாள் மட்டும் வயித்து வலி. கால் வலியை மறைக்கறது, ஏன்னா வலின்னு சொன்னா செலக்‌ஷன் போயிடும். பிராக்டிஸ் முடிஞ்சும் விடாம, சார் போனதுக்கு அப்புறமும் தனியா ஓடிட்டே இருக்கறது (இதை நாம பாராட்டிடறோம்). பொண்ணுங்க விஷயத்துல சாப்பாட்டை குறைச்சுக்கறது, பீரியட்ஸ் நின்னு போறது. உழைப்புக்கு தக்க சாப்பாடு இல்லாம எலும்பு, ஹார்மோன் எல்லாம் பாதிக்கற இந்த நிலையை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல தனியா பேர் வெச்சு எச்சரிச்சிருக்கு. "ஓடற பொண்ணுக்கு அப்படி தான் இருக்கும்"னு விடக்கூடாது, டாக்டர் கிட்ட காட்டணும்.

பிரஷர் இல்லாம சாம்பியன் வருமா?

எல்லா அப்பாவும் கேக்கற நியாயமான கேள்வி. விட்டு கொடுத்தா புள்ள மெத்தனமாயிடாதா?

செஸ் வீரர் குகேஷை எடுத்துக்குங்க. அவருக்காக டாக்டரா இருந்த அப்பா பிராக்டிஸையே நிறுத்தி வெச்சவரு, அதை விட பெரிய பாரம் ஒரு பையனுக்கு என்ன இருக்கும். 2024 நவம்பர், டிசம்பர்ல சிங்கப்பூர்ல, அப்ப உலக சாம்பியனா இருந்த டிங் லிரென் கூட உலக சாம்பியன்ஷிப் போட்டியில மொத ஆட்டமே தோல்வி. மூணாவது ஆட்டத்துல ஜெயிச்சாரு. 11-ஆவது ஆட்டத்துல ஜெயிச்சு முன்னாடி போனாரு, 12-ல உடனே தோத்தாரு. கடைசி 14-ஆவது ஆட்டத்துல ஜெயிச்சு 7.5-6.5ன்னு 18 வயசுல பட்டம். ரெண்டு ஆட்டம் தோத்து தான் உலக சாம்பியன். அந்த போட்டிக்கு பேடி அப்டன்னு ஒரு மனப்பயிற்சி கோச்சை கூட வெச்சிருந்தாங்க, மனசையும் ஒரு தசை மாதிரி தயார் பண்ணினாங்க. தோல்வியே வராத ஆள் ஜெயிக்கறது இல்ல, மொத ஆட்டம் தோத்த ராத்திரி தூங்கி எழுந்து வரத் தெரிஞ்ச ஆள் ஜெயிக்கறாரு.

இன்னொரு பக்கம் துப்பாக்கி சுடற வீரர் அபினவ் பிந்த்ரா. 2008 பெய்ஜிங்ல இந்தியாவோட மொத தனிநபர் ஒலிம்பிக் தங்கம். அதுக்கு அப்புறம் வெறுமையில தவிச்சதை அவரே பல இடத்துல பேசியிருக்காரு. எல்லாம் அந்த ஒரு மெடல்லன்னு வாழ்ந்தா, மெடல் கிடைச்ச பிறகும் பள்ளம் இருக்கு.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் 2021 டோக்கியோ ஒலிம்பிக்ல டீம் ஃபைனல் நடுவுல விலகினாங்க, காத்துல சுத்தும்போது உடம்பு எங்க இருக்குன்னு தெரியல, கழுத்தை உடைச்சுக்க முடியாதுல்ல. ஒரு வாரம் கழிச்சு பீம் (குறுகலான கட்டை மேல பேலன்ஸ் பண்ணி ஆடறது) ஃபைனலுக்கு மட்டும் வந்தாங்க, கடைசியில இறங்கற இடத்துல முறுக்கி சுத்தற வழக்கமான அசைவை எடுத்துட்டு சுலபமானதை வெச்சாங்க, வெண்கலம் கிடைச்சுது. 2024 பாரிஸ்ல மூணு தங்கம். குறைச்சுக்கிட்டு திரும்பறது ஒரு திறமை, அதை யாராச்சும் சொல்லி தரணும்.

வெளிய வர்ற வழி

முதல்ல வீடு. வண்டியில போற அந்த அரை மணி நேரம் ஆட்டத்தை பத்தி பேச்சே வேணாம். "பசிக்குதா, எங்கயாச்சும் நிறுத்தட்டுமா?" போதும். புள்ளையா ஆரம்பிச்சா கேட்டுக்கலாம். டெக்னிக் பேச்சு அடுத்த பிராக்டிஸ்ல சார் பாத்துப்பாரு, அது அவரு வேலை. போன்ல கேக்கறவங்க "எத்தனையாவது வந்த"க்கு பதிலா "இன்னைக்கு எது நல்லா இருந்துச்சு"ன்னு ஆரம்பிக்கலாம். கடன் கணக்கை புள்ள முன்னாடி பேசாதீங்க. ஏற்கனவே தெரிஞ்சிருந்தா, "அது எங்க வேலை கண்ணு, நீ ஜெயிச்சு அடைக்க வேண்டியது இல்ல"ன்னு ஒரு தடவை நேரா சொல்லிடுங்க.

அடுத்து கோச். மேல சொன்ன பொண்ணுக்கு ஒரு பி.டி. சார் பண்ணக்கூடியது:

1. ரெண்டு மூணு வாரம் டேப்பே வேணாம். தூரம் அளக்காம ஓட்டம், எழும்பல் மட்டும்.
2. ஃபவுலை அனுமதிக்கறது. "இன்னைக்கு 6 ஜம்ப்ல ரெண்டு ஃபவுல் விழுந்தே ஆகணும், விழலன்னா நீ முழு வேகத்துல ஓடல"ன்னு சொல்லி பாருங்க. சிவப்பு கொடிக்கு இருக்கற விஷம் இறங்கிடும்.
3. ஃபவுல் விழுந்தா ஓட ஆரம்பிக்கற இடத்துல போட்ட கோட்டை, கால் தாண்டின அளவுக்கு பின்னாடி தள்ளுறது. திட்டு எதுக்கு, இது டேப்பும் சுண்ணாம்பும் சரி பண்ற விஷயம்.
4. ஓய்வு. அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-ல கொடுத்த வழிகாட்டுதல்ல வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு நாளும், வருஷத்துல மொத்தம் 3 மாசமும் அந்த விளையாட்டுல இருந்து விலகி இருக்கணும்னு சொல்லியிருக்கு. அந்த மாசங்கள்ல கபடி ஆடட்டும், கேஆர்பி டேம் பக்கம் சைக்கிள் ஓட்டட்டும்.

புள்ளைக்கு நேரா சொல்லி தர வேண்டியது ஒண்ணு இருக்கு. தப்பு நடந்ததும் உள்ள ஒரு குரல் திட்டும்ல, அதே தப்பை கூட ஓடற ஃப்ரெண்டு பண்ணியிருந்தா என்ன சொல்லுவன்னு கேளுங்க. "பரவால்ல விடு, அடுத்தது பாத்துக்கலாம்"னு தான் சொல்லும். அதையே தனக்கு சொல்லிக்க பழகணும். இது மெத்தனம் ஆக்காது, அடுத்த ஜம்ப்புக்கு தலையை சுத்தமா வெச்சுக்க உதவும்.

தூக்கம் வாரக்கணக்குல கெட்டா, சாப்பாடு இறங்கலன்னா, "நான் இருந்து என்ன பிரயோஜனம்"ங்கற மாதிரி ஒரு வார்த்தை வந்தா, காத்திருக்க கூடாது. அரசு நடத்தற டெலி-மானஸ் 14416 எண்ணுக்கு எந்நேரமும் இலவசமா தமிழ்லயே பேசலாம், குழந்தைகளுக்கு 1098 இருக்கு, மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில மனநல டாக்டரை பாக்கலாம்.

நிஜமாவே விட்டுடறேன்னு சொன்னா?

தோத்த அன்னைக்கோ அடுத்த நாளோ முடிவு எடுக்க வேணாம். ஒரு மாசம் ஓய்வு கொடுத்துட்டு கேளுங்க, "சர்டிபிகேட், மெடல், கோட்டா எதுவுமே இல்லன்னாலும் ஓட பிடிக்குமா?" பிடிக்கும்னு வந்தா பிரச்சனை விளையாட்டுல இல்ல, அதை சுத்தி நாம கட்டினதுல இருக்கு, அதை அவுக்கலாம். பிடிக்கலன்னு நிதானமா சொன்னா ஒத்துக்கணும், ஏற்கனவே வாங்கின சர்டிபிகேட் எங்கயும் போகாது. அப்ப பேனர் வெச்ச ஊர்ல "ஏன் நிறுத்திட்டா?"ன்னு கேக்கறவங்களுக்கு பதில் சொல்ற வேலையை அப்பா அம்மா எடுத்துக்கணும், புள்ளையை முன்னாடி நிறுத்தக்கூடாது.